டெல்லிம் எங்கே இருக்கிறது?

கல்லூரி முதலாண்டு ஆங்கில வகுப்பு. சுமார் நாற்பது பேர். இரண்டு தோழிகள் ஃபோனில் பேசிக்கொள்கிற ஒரு சின்ன ஒலித் துண்டைப் போட்டேன், முப்பது நொடிகூட இருக்காது. அதில் ஒருத்தி 'ஜஸ்ட் டெல் ஹிம் ஐ கால்ட்' என்கிறாள். நான் கூப்பிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடு, அவ்வளவுதான் விஷயம். என்ன கேட்டதோ அதை எழுதுங்கள் என்றேன். எழுதியதை வாங்கிப் பார்த்தால் பாதி வகுப்பு டெல்லி என்று எழுதியிருக்கிறது! ஒரு மாணவி எழுந்து, "டெல்லியிலிருந்து கூப்பிட்டாங்க மிஸ்" என்றாள். அதற்குள் கடைசி வரிசையில் ஒருவன் கதையே கட்டிவிட்டான்: அவள் டெல்லி போயிருக்கிறாள், அங்கிருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறாள், அவன் எடுக்கவில்லை, அந்தக் கோபத்தில் தோழியிடம் புலம்புகிறாள். கதையில் ஓட்டை எதுவும் இல்லை, எனக்கு எரிச்சலே அதில்தான்.

மறுபடி போட்டேன். எனக்கும் 'டெல்லிம்' என்றுதான் கேட்டது. ஹிம் என்பதில் இருக்கும் ஹ போயே போய்விட்டது, மிச்சமிருந்த இம் முன்னால் இருந்த டெல்லோடு ஒட்டிக்கொண்டது. ஜஸ்ட், டெல், ஹிம், ஐ, கால்ட். இந்த ஐந்தில் அந்த வகுப்பில் யாருக்காவது தெரியாத வார்த்தை ஒன்று உண்டா? போர்டில் எழுதிக் காட்டியதும் வகுப்பு முழுக்க ஒரே குரலில் "அடச்சே" என்றது.

அந்த அடச்சேயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆங்கில வகுப்பில் வானொலி நிகழ்ச்சி, பாட்காஸ்ட், ஒலிப்புத்தகம் எல்லாம் பயன்படுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் பத்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறேன், ஆனால் எதற்காக என்று கேட்டால் நான் முன்பு சொன்ன பதிலும் இப்போது சொல்கிற பதிலும் வேறு வேறு. உச்சரிப்பு நன்றாக வரும், சொல்வளம் கூடும், ஆர்வம் வரும் என்றெல்லாம் அடுக்குவேன் முன்பு. இப்போது கேட்டால், தெரிந்த வார்த்தையே காதில் விழாமல் போகிற இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் என்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழில் இது நமக்குப் புதிதே இல்லை. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று புத்தகத்தில் படித்துத் தமிழ் கற்ற ஒருவர் 'வந்துட்ருக்கேன்' என்பதைக் கேட்டால் என்ன ஆவார்? திகைத்துத்தான் போவார். எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு என்று நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கூத்துதான் நடக்கிறது, ஆனால் எழுத்தில் அது தெரிவதில்லை. அவர்கள் 'வாடயா கனா டூ' என்று சொல்லிவிட்டு 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று முழுசாக எழுதிவைத்துவிடுகிறார்கள். நம் மாணவர்கள் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஆங்கிலம் கற்றார்கள். கண் வழியாக உள்ளே போன மொழி. காதுக்கு அது இன்னும் அறிமுகமே ஆகவில்லை.

என் காதும் அப்படித்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பட்டம், மேல்பட்டம், கவிதை, நாடகம் எல்லாம் படித்துவிட்டு வேலைக்கு வந்த முதல் வருஷம், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் கருத்தரங்கில் ஏதோ நகைச்சுவை சொன்னார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். அவரும் சிரித்தவர்தான்.

சரி, வகுப்புக்கு வருவோம். நான் ஆரம்பத்தில் ஒலி நிகழ்ச்சிகளைப் பயன்படுத்திய விதம் எல்லோரும் செய்கிற விதம்தான். பன்னிரண்டு நிமிஷப் பேட்டி ஒன்றை முழுசாகப் போடுவேன், இன்னொரு தடவை போடுவேன், பத்துக் கேள்வி கொடுப்பேன், விடை எழுதச் சொல்வேன், திருத்துவேன், மணி அடிக்கும். ஒரு மாணவன் எப்போதும் எட்டு, ஒன்பது வாங்குவான். நல்ல காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, வேடிக்கைக்காக, நிகழ்ச்சியைக் கேட்காமலேயே இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள் என்றேன். அவன் ஏழு சரி. கேள்வியைப் படித்தே ஊகித்துவிடுகிறான், பொது அறிவு இருக்கிறது, தர்க்கம் இருக்கிறது. இவற்றை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறான். மூன்று, நான்கு வாங்கியவர்களோ, பாவம், உண்மையிலேயே கேட்க முயன்றவர்கள்.

கேட்டல் கற்பித்தலைப் பற்றி நிறைய எழுதிய ஜான் ஃபீல்டு என்பவரின் முக்கியமான புகார் இதுதான். கேள்வி கொடுத்து விடை வாங்கினால் கேட்டலைச் சோதிக்கிறோம், கற்றுத்தருவதில்லை. விடை தப்பு என்றால் ஏன் தப்பு என்று அந்த விடையிலிருந்து தெரியாது. வார்த்தை தெரியாமல் தப்பா, தெரிந்த வார்த்தை காதில் விழாமல் தப்பா, எல்லாம் விழுந்தும் சேர்த்துப் புரிந்துகொள்ளாமல் தப்பா? மூன்றுக்கும் மருந்து வேறு. நானோ மூன்றுக்கும் 'இன்னும் நிறையக் கேளுங்கள்' என்ற ஒரே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஒலிச் சமாசாரம் ஒன்றும் புதிதில்லை. 1901இல் தொடங்கிய லிங்குவாஃபோன் நிறுவனம் மெழுகு உருளைகளில் பாடத்தைப் பதிந்து புத்தகத்தோடு சேர்த்து விற்றது. பிபிசி 1943இல் வானொலி வழியாக ஆங்கிலப் பாடம் தொடங்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில், சுமார் 1,500 சொற்களுக்குள், குட்டிக் குட்டி வாக்கியங்களில், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செய்தி வாசிக்க ஆரம்பித்தது. இதெல்லாம் பெரிய வேலைதான், ஆனால் வானொலியில் ஒரு சங்கடம் இருந்தது. போனது போனதுதான். 'இப்போது என்ன சொன்னார்?' என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த செய்திக்குப் போயிருப்பார். அதனால் என்னைக் கேட்டால் 1963இல் வந்த கேசட்தான் ஆங்கில ஆசிரியர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். பின்னால் ஓட்டலாம்! டேப் ரெக்கார்டரில் மூன்று இலக்க எண் ஒன்று ஓடும், 147இல் நிறுத்தி 139க்கு ஓட்டினால் அந்த வாக்கியம் திரும்ப வரும், சில நாள் 136க்குப் போய்விடும், சில நாள் நாடா சிக்கிக்கொண்டு பென்சிலால் சுற்ற வேண்டியிருக்கும். இப்போது திரையில் விரலை வைத்து இழுத்தால் போதும். அப்படி இருந்தும் பெரும்பாலான வகுப்புகளில் பாட்காஸ்டை வானொலி மாதிரியேதான் போடுகிறோம், தொடக்கத்திலிருந்து முடிவு வரை, நிறுத்தாமல். பாட்காஸ்ட் என்ற சொல்லுக்கு 2004இலிருந்துதான் வயது, நம் பழக்கம் 1943இலேயே நிற்கிறது.

வானொலிக் காலத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. 1980களின் முதல் பாதியில் கென்யாவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானொலி வழியாகவே ஆங்கிலம் கற்பித்தார்கள், நாளுக்கு அரை மணி நேரம். அதற்கு முன்பு நிகரகுவாவில் இதே முறையில் கணக்கு கற்பித்திருந்தார்கள். அந்த நிகழ்ச்சிகளின் விசேஷம் அவற்றில் இருந்த மௌனம். வானொலிப் பாத்திரம் ஒரு கேள்வி கேட்கும், கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் பிள்ளைகள் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். பிறகு வானொலி சரியான பதிலைச் சொல்லும். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளை எத்தனை தடவை வாய் திறந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், என் வகுப்பில் ஒரு மாதத்துக்கு அவ்வளவு வராது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்றைய பாட்காஸ்ட்காரர்கள் நமக்காக இடைவெளி விடமாட்டார்கள், அவர்கள் வகுப்பை நினைத்துப் பேசுவதில்லை. அந்த இடைவெளியை நான்தான் உண்டாக்க வேண்டும்.

எந்த நிகழ்ச்சியை எடுப்பது என்பதில் நிறைய நேரம் வீணாக்கியிருக்கிறேன். தலைப்பைப் பார்த்துத் தேடுவேன், சுற்றுச்சூழல், விண்வெளி, தன்னம்பிக்கை என்று. தலைப்பு அவ்வளவு முக்கியமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது முதலில் பார்ப்பது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பேசியதை அப்படியே எழுதிவைத்த பிரதி, இருக்கிறதா என்று. இல்லையென்றால் நானே உட்கார்ந்து எழுத வேண்டும், இருபது நொடியை எழுத இருபது நிமிஷம் ஆகும். அடுத்தது பின்னணி இசை. பேச்சுக்குக் கீழே மெல்லிசாக ஏதாவது ஓடிக்கொண்டே இருந்தால் அந்த நிகழ்ச்சி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வகுப்புக்கு ஆகாது. மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள். இரண்டு பேர் என்றால் சரி. நான்கு நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து பேசுவதை அந்த மொழிக்காரர்களே கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

ரிச்சர்ட் கால்டுவெல் என்ற ஆங்கில ஒலியியல் ஆசிரியர் (நம் ராபர்ட் கால்டுவெல் இல்லை, இவர் வேறு) பேச்சை மூன்றாகப் பிரிக்கிறார்: கண்ணாடிக் கூடத்துச் செடி, தோட்டத்துச் செடி, காட்டுச் செடி. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, தொட்டியில் வைத்த மாதிரி நிற்பது முதல் வகை. வார்த்தைகள் ஒன்றோடொன்று மரியாதையாகக் கைகோத்துக்கொள்வது இரண்டாவது, இலக்கணப் புத்தகங்கள் சொல்லும் இணைப்புகள் எல்லாம் இதில் வந்துவிடும். மூன்றாவதில் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது, கொடி கொடியாகப் பின்னிக் கிடக்கும். பாடப்புத்தகத்தோடு வரும் ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் முதல் வகை. பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் மாதிரியானவை தோட்டம். இரண்டு பேர் எழுதி வைத்ததைத்தான் பேசுகிறார்கள், ஆரம்பத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் கடைசியில்தான் பதிலைச் சொல்வார்கள், நடுவில் கற்றுத்தர ஆறு சொற்கள். தொடங்குவதற்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் ஒருநாள் நிஜமான மனிதர் ஒருவர் வாயைத் திறந்ததும் டெல்லிம் ஆகிவிடும்.

மெதுவான ஆங்கிலத்தைப் பற்றி என் கருத்து மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்பெஷல் இங்கிலீஷில் வாசித்தவர் மெதுவாகப் பேசினார், அதனால் ஒட்டிக்கொள்கிற ஒலிகள் பிரிந்து வந்தன. புதிதாகக் கற்பவருக்கு அது பெரிய ஆறுதல், மொழி புரிகிறது என்ற தைரியம் கொடுக்கும், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் செயலியில் 0.75 என்று வைத்து வேகத்தைக் குறைப்பது வேறு சங்கதி. 'டெல்லிம்' என்பதை எவ்வளவு இழுத்தாலும் 'டெல்ல்லிம்' என்றுதான் வரும், தொலைந்துபோன ஹ திரும்பி வராது. மாணவர்கள் இதை நம்பமாட்டார்கள், மெதுவாக வைத்தால் தெளிந்துவிடும் என்று நினைப்பார்கள், அதனால் ஒருதடவை வகுப்பிலேயே செய்து காட்டிவிடுவது நல்லது. தெளியாததைப் பார்த்த பிறகுதான், வேகம் மட்டும் பிரச்சினையில்லை என்பது அவர்களுக்குப் பிடிபடும்.

இப்போது நான் செய்வது இதுதான். நிகழ்ச்சியை ஒருதடவை முழுசாகப் போடுகிறேன், ஆறு நிமிஷத்துக்கு மேல் இல்லை. எதைப் பற்றிப் பேசினார்கள் என்று மட்டும் ஒரு கேள்வி, தமிழிலேயே பதில் சொல்லலாம். (ஆங்கில வகுப்பில் தமிழா என்று ஒரு மேலதிகாரி கேட்டார். பிள்ளைக்குக் காது வேலை செய்ததா என்று பார்க்கிறேன், வாய் வேலை செய்ததா என்று அப்புறம் பார்ப்பேன் என்றேன். திருப்தியாகவில்லை அவருக்கு.) அதற்குப் பிறகு நிகழ்ச்சியிலிருந்து இருபது நொடி மட்டும். அந்த வாரத்துக்கு அதுதான் பாடம்.

அந்த இருபது நொடியை முதல்முறை போடும்போது எழுதக்கூடாது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்கெங்கே குரல் அழுத்தமாக விழுகிறதோ அங்கே மேசையைத் தட்ட வேண்டும். தாளம் போடுவது மாதிரிதான். ஆனால் தமிழ்க்காரர்களுக்கு இது முதலில் வரவே வராது, ஏனென்றால் நாம் எல்லா அசைக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் படியளக்கிறோம். ஆங்கிலக்காரர்கள் ஓரிரண்டு அசையை உயர்த்திப் பிடித்துவிட்டு மற்றதையெல்லாம் மென்று விழுங்குகிறார்கள். 'பனானா' என்று நாம் எழுதும் சொல்லில் அவர்களுக்கு நடுவில் இருக்கும் னா மட்டும்தான் முழு உயிர், முன்னும் பின்னும் இருப்பவை தேய்ந்த உயிர்கள். நமக்குக் குற்றியலுகரம் தெரியும், 'காசு' என்பதில் கடைசி உகரம் அரை மாத்திரைக்குக் குறுகுகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் குறுக்கம் சொல்லின் கடைசியில் மட்டும் இல்லாமல் முதல், இடை எல்லா இடத்திலும் நடந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்வேன். உடனே புரிந்துவிடும். பயமுறுத்தும் ஒலியியல் சொல் எதுவும் தேவைப்படாது.

மேசையைத் தட்டுவது விளையாட்டுக்காக இல்லை. ஆன் கட்லர் என்ற மொழி உளவியலாளர் 1987இல் இன்னொருவருடன் சேர்ந்து ஆங்கில உரையாடல் பதிவுகளை ஆராய்ந்தபோது, பெயர், வினை போன்ற பொருளுள்ள சொற்களில் ஏறக்குறைய 90 சதவீதம் வலுவான அசையில்தான் தொடங்குகின்றன என்று தெரிந்தது. அதாவது அழுத்தம் விழுந்தால் அங்கே புதுச் சொல் ஒன்று தொடங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆங்கிலத்தோடு வளர்ந்தவர்களின் காது இந்தத் தந்திரத்தைத் தன்னையறியாமல் பயன்படுத்துகிறது. நம் மாணவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

இரண்டாம் முறை போடும்போது தட்டிய இடத்துச் சொற்களை மட்டும் எழுதலாம். மூன்றாம் முறைக்குப் பிறகு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, கையில் இருக்கும் சொற்களை வைத்து முழு வாக்கியத்தைக் கட்டி எழுப்ப வேண்டும். 1990இல் ரூத் வாஜ்ன்ரிப் எழுதிய பிறகு டிக்டோகிளாஸ் என்ற பெயரில் பரவிய முறைக்கு இது உறவுமுறை, அதில் ஆசிரியரே வாசிப்பார், இதில் ஒலிப்பதிவு. இந்த நேரத்தில் வகுப்பில் நடக்கும் சண்டையைப் பார்க்க வேண்டுமே. "அங்க ஒரு சின்ன வார்த்தை இருக்குடி, நான் கேட்டேன்." "இல்லவே இல்ல." "இருக்கு, இலக்கணப்படி இருந்தே ஆகணும்." இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்பதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சில நாள் தோன்றும். இலக்கணத்தைக் கொண்டு காதின் ஓட்டையை அடைக்கிறார்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் கடைசியில்தான். அதைக் கொடுத்ததும் தாங்கள் தவறவிட்ட சொற்களை வட்டமிடச் சொல்வேன், பிறகு அந்த வட்டங்களில் எது உண்மையிலேயே தெரியாத சொல் என்று இன்னொரு நிறத்தில் குறிக்கச் சொல்வேன். ஒரு வகுப்பில் ஒரு குழு ஒன்பது வட்டம் போட்டது. தெரியாத சொல் அதில் ஒன்றே ஒன்று. மீதி எட்டும் ஆஃப், ஹாவ், தெம், அட், கேன் மாதிரியான பொடிகள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு அவர்களிடம் 'உங்கள் சொல்வளம் போதாது, அகராதியைப் படியுங்கள்' என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது.

பொடி என்று சொன்னாலும் அவை பொருளையே தலைகீழாக்கும். கேன், கான்ட் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் வித்தியாசம் கடைசியில் வரும் ட் என்று எல்லோரும் நினைக்கிறோம், அந்த ட்டைத்தான் காது தேடும். ஆனால் வேகமாகப் பேசும்போது அந்த ட் பாதி நேரம் தொண்டையிலேயே நின்றுவிடும். அமெரிக்கர் ஒருவர் முடியும் என்று சொல்லும்போது அது 'ஐ க்ன் டூ இட்', கேன் என்பது தொட்டும் தொடாமலும் போகும், அழுத்தம் டூ மேல். முடியாது என்று சொல்லும்போது 'ஐ கேன்(ட்) டூ இட்', அங்கே கே நன்றாக, முழுசாகக் கேட்கும். நம் மாணவர்களோ கேன் என்று தெளிவாகக் கேட்டதும் 'முடியும்னு சொல்றார்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எவ்வளவு தெளிவாகக் கேட்கிறதோ அவ்வளவு தப்பாகப் புரிகிறது! இந்த ஒன்றுக்காகவே ஒருவாரம் செலவழித்தேன். வெவ்வேறு நிகழ்ச்சிகளிலிருந்து பன்னிரண்டு துண்டுகளை வெட்டி வரிசையாகப் போட்டு, முடியுமா முடியாதா, கை தூக்குங்கள் என்றேன். முதல் நாள் ஏலக்கடை மாதிரி இருந்தது. நான்காம் நாள் ஓரளவு ஒன்றுபோல் கைகள் எழுந்தன.

சொற்கள் ஒட்டிக்கொள்வதற்கு நம்மிடம் தயாராகவே ஒரு பெயர் இருக்கிறது, புணர்ச்சி. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று நன்னூல் சொன்ன விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தானே நாம்? 'டேக் இட் ஈஸி' என்பதை 'டேக்கிட்டீஸி' என்று சொல்வது அச்சு அசல் அதே விதி. 'ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்' என்பது 'ஃபர்ஸ்டவால்' என்று வந்தபோது ஒருவன் மிக நேர்மையாக "எதோட வால் மிஸ்?" என்று கேட்டான். அதையே பிரித்து எழுதுக என்று கொடுத்தேன். தமிழ்ப் பரீட்சையில் கேட்பது மாதிரியே: டேக்கிட்டீஸி, பிரித்து எழுதுக. சிரித்துக்கொண்டே செய்தார்கள், ஆனால் செய்தார்கள். தமிழ் ஆசிரியை கேட்டுவிட்டு, அப்படியாவது புணர்ச்சி உபயோகப்படட்டும் என்றார்.

அடாசிட்டி என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு, 2000இலிருந்து இருக்கிறது. ஒலியை அலை வடிவத்தில் திரையில் காட்டும். துண்டு வெட்டத்தான் அதை வைத்திருந்தேன், ஒருநாள் தற்செயலாகப் பெரிய திரையில் போட்டுவிட்டேன். ஒரு மாணவி கேட்டாள், இதில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடம் எங்கே என்று. தேடினோம். இல்லை. அலை ஒரே மூச்சாக ஓடுகிறது. நடுநடுவே தட்டையாக ஒரு கோடு வருகிறது, அதுதான் இடைவெளி என்று நினைத்து அந்த இடத்தைப் போட்டுக் கேட்டால் அது ஒரு வார்த்தைக்கு உள்ளேயே இருக்கிறது! ட், ப், க் சொல்லும்போது வாய் ஒரு கணம் மூடுகிறதே, அந்த மௌனம். பேச்சில் மௌனம் வார்த்தைக்கு நடுவில் இருக்கிறது, வார்த்தைகளுக்கு இடையில் இல்லை. இடம் விட்டு எழுதுவது எழுத்துக்காரர்களின் வேலை, காது அதை ஒவ்வொரு முறையும் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்று திட்டமிட்ட பாடத்தைத் தொடவே இல்லை.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் மொழி ஆய்வகம் என்று ஒரு அறை இருந்தது, கண்ணாடித் தடுப்பு, வரிசையாக ஹெட்ஃபோன், எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். பார்வையாளர்கள் வந்தால் திறப்பார்கள். நான் என் சொந்த ஸ்பீக்கரைப் பையில் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். அதையும் ரொம்ப நாள் மேடையில் என் மேசை மீது வைத்து, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். சத்தம் கூடக் கூடச் சுவரில் பட்டு எதிரொலித்துத் தெளிவு கெட்டது. இப்போது நடு வரிசையில் ஒரு மேசை மீது வைத்துவிடுகிறேன், பாதி சத்தமே போதுமாக இருக்கிறது. மின்விசிறியின் இரைச்சல் எதைத் தின்னும் என்றால் ஸ், ஃப், த் மாதிரியான மெல்லிய காற்றொலிகளைத்தான், ஆங்கிலத்தில் பன்மையும் உடைமையும் அந்த ஸ் மேல்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பழைய தொலைபேசி இணைப்புகள் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அனுப்பாது, ஸ் ஒலியின் சத்து பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது, அதனால்தான் ஃபோனில் பெயர் சொல்லும்போது எஸ்ஸா எஃப்பா என்று கேட்டுக்கேட்டுச் சலிக்கிறோம். வகுப்பறையிலும் கிட்டத்தட்ட அதே நிலைமையை உண்டாக்கிவிட்டு, பிள்ளைக்குப் பன்மை தெரியவில்லை என்று சிவப்பு மையில் சுழிப்பது நியாயமில்லை. இருபது நொடிக்கு மின்விசிறியை அணைத்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். நிகழ்ச்சியை முன்னாலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள், இல்லையென்றால் சரியான இடத்தில் விளம்பரம் வந்து குதிக்கும்.

வகுப்புக்கு வெளியே கேட்பது பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. நிறையக் கேட்பவர்கள் தேறுகிறார்கள், அது கண்கூடு. ஆனால் எளிதாக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட எல்லாமே புரிகிற அளவுக்கு. வகுப்பில் காடு, வீட்டில் தோட்டம் என்று வைத்திருக்கிறேன். லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் பதிப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்து 2005இலிருந்து போட்டு வருகிறார்கள், இலவசம், ஒருவர் வாசிப்பது தேனாக இருக்கும், அடுத்த அத்தியாயம் வேறொருவர், தூங்கி வழிவார். ஏற்கெனவே கதை தெரிந்த புத்தகமாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கேட்டலுக்கு மதிப்பெண் இல்லாத பரீட்சையை எழுதப்போகும் மாணவர்கள் இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டால், என்னிடம் நல்ல பதில் கிடையாது.

போன வருஷம் ஒரு மாற்றத்துக்காக அவர்களையே நிகழ்ச்சி தயாரிக்கச் சொன்னேன். மூன்று நிமிஷம், இரண்டு பேர், ஃபோனிலேயே பதிவு செய்யலாம், தலைப்பு அவர்கள் இஷ்டம். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்லச் சொன்னாலே முகம் சுளிக்கிற பிள்ளைகள், தங்கள் குரலைத் தாங்களே கேட்டுவிட்டு, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு, அதே மூன்று நிமிஷத்தைப் பதினான்கு தடவை பதிவு செய்திருந்தார்கள். நான் எண்ணச் சொல்லவில்லை, அவர்களே பெருமையாக எண்ணி வைத்திருந்தார்கள்.

தயாரானதை அடுத்த பிரிவு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். தயாரித்த இரண்டு பேரும் முன்னால் நின்றார்கள். ஓடி முடிந்தது. பாதிப் பேருக்குப் புரியவில்லை. "தெளிவாத்தானே பேசியிருக்கோம்" என்றாள் ஒருத்தி, உண்மையான ஆச்சரியத்தோடு. அவளுக்குத் தெளிவாகத்தான் கேட்கும். எழுதியவளே அவள்தானே? டிரான்ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு எளிதானதுகூடவா புரியவில்லை என்று நான் எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. எந்த இடம் புரியவில்லை என்று அவள் கேட்டாள். நடுவில் எங்கேயோ என்றார்கள். நான் விளக்கப் போனேன், அதற்குள் அவள் ஃபோனை எடுத்து விரலால் பின்னால் இழுத்து, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அவர்கள் எழுதி முடிக்கும்வரை நின்றாள்.